மழைக்குள் காலபோக அறுவடை: ஈர நெல்லை விற்பதா, காயவைப்பதா, வயலில் விடுவதா?

காலபோகம் என்கிற மாரிகாலப் பெரும்போகத்தை வெட்டுகிற தை மாதம், வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லிவிட்டால் போதும், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எல்லாருடைய போனும் சூடாகிவிடும். அறுவடை மெசின்காரருக்கு ஒரு கோல், லொறி முதலாளிக்கு ஒரு கோல், பக்கத்து வயல்காரருக்கு ஒரு கோல். "அண்ணை, இண்டைக்கே வெட்டுறதோ, ரெண்டு நாள் விட்டுப் பாக்கிறதோ?" கேட்கிறவருக்கும் தெரியாது, பதில் சொல்கிறவருக்கும் தெரியாது. கடைசியில் மெசின் எப்போது வருகிறதோ அப்போது வெட்டுவது என்றுதான் பலருக்கு முடிகிறது. இந்தக் கட்டுரை அதற்கு முதல் உட்கார்ந்து கணக்குப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு.

வழிகள் என்று பார்த்தால் ஐந்துதான். ஈரத்தோடு வெட்டி, நெல் வாங்க வருகிற லொறிக்காரருக்கு வரம்படியிலேயே கொடுத்துவிடலாம். வெட்டிக் காயவைத்து அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கோ மில்லுக்கோ கொடுக்கலாம். வெட்டாமல் மழை விடும்வரை வயலில் விடலாம். இல்லாவிட்டால் அவித்துப் புழுங்கலாக்கி அரிசியாக விற்கலாம், அல்லது மூடையாக அடுக்கி வைத்திருந்து பிறகு விற்கலாம். எது நல்லது என்று கேட்டால் ஆட்கள் உடனே விலையைப் பற்றித்தான் கதைக்கத் தொடங்குவார்கள். நான் விலையை இரண்டாவதாக வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது, நெல்லுக்கு வருகிற கெடுதலில் எது திருத்தக்கூடியது, எது திருத்த முடியாதது என்பது.

ஈரம் திருத்தக்கூடியது. 24 வீத ஈரப்பதனில் வெட்டின நெல்லை ஒழுங்காகக் காயவைத்து 14க்குக் கொண்டுவந்தால் அதுவும் நல்ல நெல்தான், மில்காரருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் முளைத்த நெல்லை ஆராலும் முளைக்காத நெல்லாக்க முடியாது. குவியலுக்குள் சூடேறி அரிசி மஞ்சளித்தால் அதை வெள்ளையாக்க வழியில்லை. பூஞ்சணம் பிடித்த வாசம் எத்தனை வெயில் காட்டினாலும் போகாது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: வயலிலேயே நன்றாகக் காய்ந்து 15, 16 வீதத்துக்கு இறங்கின கதிர் திரும்ப மழையில் நனைந்தால் உமிக்குள் இருக்கிற அரிசியில் மயிரிழை போல வெடிப்பு விழும். வெளியில் பார்த்தால் பொன் மாதிரி நெல், மில்லில் போட்டால் பாதி உடைந்து குறுநல்.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும், திருத்தக்கூடிய கெடுதலோடு நிற்கிற வழி எது என்று பாருங்கள். கிலோவுக்கு 5 ரூபா குறைய விற்றது வருத்தம்தான், ஆனால் கணக்கில் அது ஒரு சின்ன ஓட்டை. முளைத்த நெல்லோடு லொறிக்காரர் முன்னால் நிற்பது வேறு நிலைமை, அங்கே விலை பேச உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

இந்த விஷயத்தில் கோதுமை விளைவிக்கிற நாடுகளைப் பார்த்தால் எங்களுடைய கதை இன்னும் தெளிவாக விளங்கும். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, பாணுக்குப் போகிற கோதுமை முழுக்கக் கப்பலில் வந்து திருகோணமலையிலும் கொழும்பிலும் அரைபடுகிறது. ஆனால் அறுவடை நேரத்து மழை அந்தக் கமக்காரரையும் இதே மாதிரித்தான் அடிக்கிறது. முற்றின கோதுமைக் கதிர் நாட்கணக்கில் நனைந்து நின்றால் மணி முளைக்க ஆயத்தமாகி, உள்ளிருக்கிற மாப்பொருளை உடைக்கிற நொதியத்தைச் சுரக்கத் தொடங்கும். முளை வெளியே தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, அதற்கு முதலே மா கெட்டுவிடும். அந்த மாவில் பாண் சுட்டால் நடுப்பகுதி பிசுபிசுவென்று ஒட்டும், வெட்டுகிற கத்தியில் அப்பிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க மில்காரர் செய்கிற சோதனை வேடிக்கையானது. அளவான மாவையும் தண்ணீரையும் ஒரு குழாயில் கலந்து கொதிநீரில் வைத்துக் கூழாக்கி, அதற்குள் ஒரு கோலை விட்டு, கோல் அடிவரை இறங்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல கோதுமை என்றால் கூழ் தடிப்பாக இருக்கும், கோல் 250, 300 செக்கன் எடுக்கும். மழையில் கெட்டது என்றால் கூழ் தண்ணியாகிக் கோல் சட்டென்று விழும். பிரித்தானியாவில் பாண் கோதுமைக்கு 250 செக்கன் என்பது வழக்கமான எல்லை. அதற்குக் கீழே போனால் விலையில் வெட்டு, இன்னும் கீழே போனால் அது மாட்டுக்கும் கோழிக்கும் போகிற தீவனக் கோதுமை. ஒரே வயல், ஒரே விளைச்சல், ஒரு கிழமை மழை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் இதில் எங்களுக்குப் பாடம். 2010 கடைசியில் அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கம் அறுவடை நேரத்தில் கொட்டின மழையால் பெருந்தொகைக் கோதுமை தீவனத் தரத்துக்கு இறங்கியது. அதே வருடம் ரஷ்யாவில் வறட்சி, ஆவணியில் அவர்கள் ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். அப்போ கோதுமை விலை ஏறினதுதானே, கமக்காரருக்கு நல்லதுதானே என்று நினைக்கலாம். ஏறின விலை நல்ல கோதுமை வைத்திருந்தவருக்கு. தீவனக் கோதுமை வைத்திருந்தவர் அந்த இடைவெளியைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார். 2016இல் பிரான்ஸில் இன்னொரு மாதிரி. வைகாசி, ஆனி மாதங்களில் ஓயாத மழை, வெயில் இல்லை, முந்தின வருடம் 41 மில்லியன் தொன்னளவில் வந்த கோதுமை 28 மில்லியன் தொன்னளவுக்கு விழுந்தது, மணியும் சொத்தை. ஆனால் உலகத்தில் மற்ற இடங்களில் அமோக விளைச்சல் என்பதால் விலை ஏறவே இல்லை. விளைச்சலும் போய், விலையும் போன வருடம் அது. 2024இலும் அங்கே மழை விடவில்லை, 26 மில்லியன் தொன் அளவுதான் வந்தது.

வன்னிக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் மழையில் நெல் கெட்டது என்பதற்காக இலங்கையில் நெல் விலை ஏறாது. விலையைத் தீர்மானிப்பது பொலன்னறுவை, அம்பாறை, அனுராதபுரம் பக்கத்து விளைச்சலும், பெரிய மில்களின் களஞ்சியத்தில் என்ன கிடக்கிறது என்பதும். எங்களுக்கு மட்டும் மழை என்றால் எங்களுடைய நெல் மட்டும் மலிவு. அங்கேயும் மழை என்றால் காய்ந்த நெல்லுக்குக் கிராக்கி கூடும், ஈர நெல் இன்னும் இறங்கும். இரண்டு பக்கமும் காய்ந்த நெல்காரருக்குத்தான் வெற்றி. "மழை பெஞ்சா நெல் தட்டுப்பாடு வரும், விலை ஏறும்" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்கிறவர்கள் எந்த நெல்லுக்கு என்று சொல்வதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று கொள்வனவு விலை அறிவித்தது. ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். (கிழக்கில் அறுவடை தொடங்கி எத்தனையோ பேர் விற்று முடித்த பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது என்பது வேறு கதை.) கணக்குப் பார்க்க வசதியாக அந்த 120ஐ எடுத்துக்கொள்வோம், உங்களுடைய வருடத்து விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

22 வீத ஈரத்தில் 1000 கிலோ நெல் இருக்கிறது. அதில் 780 கிலோதான் உண்மையான பொருள், மிச்சம் தண்ணி. 14 வீதத்துக்குக் காய்ந்தால் அது 907 கிலோவாகும். 93 கிலோ காற்றோடு போய்விட்டது, ஆரும் களவெடுக்கவில்லை. 26 வீதத்தில் வெட்டியிருந்தால் 860 கிலோதான் மிஞ்சும், 18 வீதம் என்றால் 953. இதை விலையாக மாற்றினால் ஒரு சுகமான வாய்ப்பாடு கிடைக்கிறது: காய்ந்த நெல் 120 ரூபா என்றால், 14க்கு மேலே ஒவ்வொரு புள்ளி ஈரத்துக்கும் கிலோவுக்கு 1 ரூபா 40 சதம் குறைய வேண்டும். 22 வீதம் என்றால் எட்டுப் புள்ளி, 11 ரூபா 20 சதம் குறைந்து 108 ரூபா 80 சதம். அதுதான் அந்த ஈர நெல்லின் நியாயமான பெறுமதி, காயவைக்கிற செலவை எடுக்காமல்.

லொறிக்காரர் 100 ரூபா கேட்டால், 8 ரூபா 80 சதம் அவர் காயவைக்கிற செலவுக்கும் இலாபத்துக்கும் வைக்கிறார். தொன்னுக்கு 8,800 ரூபா. அந்தக் காசுக்கு உங்களால் அதைக் காயவைத்து, ஏற்றி, கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? மழை தூறிக்கொண்டிருக்கிற நேரத்தில் முடியாது என்றுதான் நான் சொல்வேன், கொடுத்துவிடுங்கள். அவர் 85 ரூபா கேட்டால் இடைவெளி கிட்டத்தட்ட 24 ரூபா, தொன்னுக்கு 24,000. அது உங்களுடைய நாட்கூலியையும் படங்கு (தார்ப்பாய்) வாடகையையும் தாண்டின காசு. அப்போ கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

ஆனால் அவர் சொல்கிற விலையை மட்டும் கேட்டுக் கணக்குப் போடாதீர்கள், கழிவையும் கேளுங்கள். கிலோவுக்கு நல்ல விலை சொல்லிவிட்டு, தராசில் வைக்கும்போது "ஈரம் தம்பி, சாக்கும் ஈரம், மூடைக்கு மூண்டு கிலோ கழிப்பம்" என்று சொல்வது வழக்கமான வித்தை. 70 கிலோ மூடையில் 3 கிலோ என்றால் 4 வீதத்துக்கு மேலே. 100 ரூபா விலை அந்த இடத்திலேயே 96க்கு வந்துவிட்டது. ஈரத்துக்காக விலையையும் குறைத்து, அதே ஈரத்துக்காக நிறையையும் கழிப்பது இரட்டைக் கழிவு, அதை வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் உடனே விடுவார் என்றில்லை, ஆனால் மூன்று இரண்டாகும்.

ஈரமானியும் ஒரு பொல்லாத சாமான். அவருடைய மானி எப்போதும் எங்களுடைய நெல்லில் இரண்டு புள்ளி கூடக் காட்டும், என்ன அதிசயமோ. சாக்கின் மேல்வாயில் அள்ளின நெல்லும் நடுவில் குழாயைக் குத்தி எடுத்த நெல்லும் வேறு வேறு அளவு காட்டும் என்பதால், மூன்று நாலு சாக்கில் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து அளக்கச் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ ஒரு மானி இருந்தால் முதலே அளந்துகொண்டு போவது இன்னும் நல்லது. "எனக்கு இருபது காட்டினது" என்று சொல்கிற கமக்காரரிடம் பேச்சு வேறு மாதிரித்தான் நடக்கும்.

மானி இல்லாத வீட்டில் ஒரு உப்புச் சோதனை இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் முக்கால்வாசிக்குக் குறைவாக நெல்லைப் போட்டு, அடுப்பில் வறுத்து ஆறவிட்ட உப்பு இரண்டு மூன்று கரண்டி போட்டு, மூடி, சில நிமிடம் நன்றாகக் குலுக்கி, கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டிப் பிடித்திருந்தால் ஈரம் 15 வீதத்துக்கு மேலே. ஒட்டாமல் அடியில் கிடந்தால் 15க்குக் கீழே வந்துவிட்டது, சபைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். பல்லில் கடித்துப் பார்க்கிறதும் இருக்கிறது, "டக்" என்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் ஈரம். அனுபவக்காரர் பல்லுக்குச் சரி வரும். ஆனால் 14க்கும் 16க்கும் உள்ள வித்தியாசத்தைப் பல் சொல்லாது, அந்த இரண்டு புள்ளிக்காகத்தான் மூடையைத் திருப்பி அனுப்புவார்கள்.

காயவைப்பது என்று முடிவெடுத்தால் முதல் கேள்வி இடம். நெல்லை 3 சென்ரிமீற்றர் கனத்தில் பரப்பினால் ஒரு சதுர மீற்றரில் கிட்டத்தட்ட 18 கிலோதான் கொள்ளும். ஒரு தொன்னுக்கு 55 சதுர மீற்றர் தேவை. 20 அடிக்கு 30 அடிப் படங்கு ஒன்று அந்த அளவுதான், ஆகவே தொன்னுக்கு ஒரு படங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஏக்கர் வெட்டி எட்டுத் தொன் வந்தால் எட்டுப் படங்கு, எட்டையும் விரிக்க ஒரு காய்ந்த நிலம், அதற்குமேல் மழை வந்தால் மூட இன்னும் படங்குகள், இரவில் காவல். இதைக் கணக்குப் பார்க்காமல் முழுவதையும் வெட்டிக் கொட்டிவிட்டு, இரண்டு படங்கில் ஒரு அடி கனத்துக்குக் குவித்து வைத்துக் "காயவைக்கிறன்" என்று சொல்வது காயவைத்தல் ஆகாது. மேலே காயும், உள்ளே அவியும். குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அந்த நெல் மஞ்சளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஈர நெல்லை வெட்டி 24 மணித்தியாலத்துக்குள் காயவைக்கத் தொடங்க வேண்டும், உரப்பையில் கட்டி அடுக்கி வைத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்றால் அந்த நாளை மிகவும் செலவானது.

பரப்பின நெல்லை அரை மணிக்கு ஒரு தரமாவது கிளற வேண்டும். உச்சி வெயிலில் சீமெந்துத் தளம் கொதிக்கும்போது கொஞ்சம் குவித்து வைத்துவிட்டுப் பிறகு பரப்பினால் அரிசி வெடிப்பது குறையும். மிக முக்கியம், ஒருமுறை காய்ந்த நெல்லை நனைய விடக்கூடாது. ஈரமாகவே இருக்கிற நெல்லின்மேல் இன்னொரு தூறல் விழுவதைவிட, 15க்கு வந்த நெல்லின்மேல் தூறல் விழுவதுதான் அரிசியை உடைக்கும். வானம் கறுத்தால் முதலில் ஓடி மூட வேண்டியது கிட்டத்தட்டக் காய்ந்த படங்கை, புதிதாகக் கொட்டினதை இல்லை. பலர் தலைகீழாகத்தான் ஓடுகிறார்கள்.

வீதியில் காயவைக்கிறதைப் பற்றி ஒன்று. ஏ9 ஓரத்திலும் பரந்தன், முல்லைத்தீவு வீதியிலும் மாசி மாதம் மஞ்சள் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். தார் வீதி சூடு பிடிக்கும், வேகமாகக் காயும், உண்மைதான். ஆனால் கல்லும் மண்ணும் சேரும், வாகனம் ஏறி உடையும், மோட்டார் சைக்கிளில் வருகிறவர் சறுக்கி விழுவார். உள்வீதி, பள்ளிக்கூட மைதானம், கோயில் மண்டபத்து முற்றம், பொதுநோக்கு மண்டபத் தளம் இப்படிக் கேட்டுப் பார்த்தால் கிடைக்கும். உலர்த்தி மெசின் உள்ள மில் பக்கத்தில் இருந்தால், அதற்குக் கேட்கிற கூலியை மேலே சொன்ன 1 ரூபா 40 சதக் கணக்கோடு சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மழை நாலு நாளுக்கு மேலே நீளும் என்றால் உலர்த்திக் கூலி எவ்வளவு கசந்தாலும் பெரும்பாலும் கட்டும்.

வயலில் விடுவது. இதைப் பயந்தாங்கொள்ளி வேலை என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. நிமிர்ந்து நிற்கிற பயிர் நனைந்தாலும் காற்று அடித்தவுடன் தண்ணி வடிந்து காயும். அதே நெல் குவியலில் கிடந்தால் வடிய வழியில்லை. படங்கும் இல்லை, உலர்த்தியும் இல்லை, லொறியும் வரவில்லை என்ற நிலையில், நிற்கிற பயிரை வெட்டிக் குவிப்பதைவிட இரண்டு மூன்று நாள் வயலிலேயே நிற்க விடுவது நல்லது. வாய்க்காலைத் திறந்து தண்ணியை வடியவிட்டு விடுங்கள், அவ்வளவுதான் வேலை. தண்ணி நிற்கிற வயலுக்குள் மெசினை இறக்கினால் அது புதைந்து, தடம் விழுந்து, வரம்பை உடைத்து, மணித்தியாலக் கணக்கில் கூலியும் ஏறும். மன்னாரில் முருங்கன், நானாட்டான் பக்கத்துக் களிமண்ணில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் மூன்று சந்தர்ப்பத்தில் விடக்கூடாது. பயிர் சாய்ந்துவிட்டது, கதிர் தண்ணியில் அல்லது சேற்றில் படுகிறது என்றால் முளை தொடங்க அதிக நாள் எடுக்காது, எப்படியாவது வெட்ட வேண்டும். பயிர் முதலே நன்றாகக் காய்ந்து, கதிரைத் தட்டினால் மணி கொட்டுகிற நிலையில் நிற்கிறது என்றால் ஒவ்வொரு மழையும் அரிசியில் வெடிப்புப் போடும், மணியும் உதிரும். மூன்றாவது இனம். சில இனங்களின் மணி அறுவடைக்குப் பிறகும் சில கிழமை உறங்கும், மழையில் நின்றாலும் உடனே முளைக்காது. சிலவற்றுக்கு அந்த உறக்கம் குறைவு, இரண்டு மூன்று நாள் ஈரத்தில் கதிரிலேயே வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். உங்களுடைய விதை எது என்று தெரிந்திருந்தால் போன வருடம் அது மழையில் எப்படி நின்றது என்பதைப் பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள், அதைவிட நல்ல ஆலோசனை புத்தகத்தில் இல்லை. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்து இனங்களில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வயதைக் காட்டும், பிஜி 300 என்றால் மூன்று மாதம், பிஜி 352 என்றால் மூன்றரை. விதைக்கும்போதே ஒரு துண்டில் மூன்று மாத இனமும் ஒரு துண்டில் மூன்றரை மாத இனமும் போட்டால் முழு நெல்லும் ஒரே மழையில் மாட்டாது. மெசினுக்கு இது கரைச்சல்தான், ஆனால் கமக்காரருக்கு நல்லது.

கடும் மழையில் வயல் முழுக்கச் சாய்ந்துவிட்டால், வெட்டுவதற்கு முதல் படம் எடுத்து கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்துவிடுங்கள். வெட்டின பிறகு வெறும் வயலைக் காட்டி அழிவு என்று சொல்வது கஷ்டம்.

அவித்து விற்பது சின்னக் கமக்காரருக்கு ஒரு வழி, பெரிய அளவுக்கு இல்லை. நெல்லை ஊறவிட்டு அவிக்கும்போது உள்ளிருக்கிற மாப்பொருள் இளகி வெடிப்புகளை ஒட்டிவிடும் என்பதால் வெடித்த நெல்லுக்குப் புழுங்கல்தான் மருந்து. பச்சையரிசியாகக் குத்தினால் குறுநலாகிற நெல், புழுங்கலில் முழு அரிசியாக வரும். வடக்கில் புழுங்கலைத் தேடி வாங்குகிறவர்கள் அதிகம் என்பதும் சாதகம். ஆனால் மஞ்சளித்ததையும் முளைத்ததையும் அவியல் காப்பாற்றாது, மணம் இன்னும் கூடும். அதோடு அவித்த நெல்லையும் காயவைக்க வேண்டும், அதற்கும் வெயில் வேண்டும்! வீட்டுச் சாப்பாட்டுக்கும், யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரருக்குக் கொடுக்கவும், பூநகரி மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி மாதிரிக் கேட்டு வாங்குகிற நெல் என்றால் நல்ல விலைக்கு விற்கவும் இது சரி. எட்டுத் தொன்னுக்கு வீட்டுக் கிடாரத்தோடு நிற்க முடியாது.

வைத்திருந்து விற்பதுதான் எல்லாரும் ஆசைப்படுகிற வழி. அறுவடை நேரம் விலை அடியில் இருக்கும், அடுத்த காலபோக அறுவடைக்கு முதல் கார்த்திகை, மார்கழியில் உச்சத்துக்கு வரும். 2024 மார்கழியில் அரிசித் தட்டுப்பாடு வந்து அரசாங்கம் இறக்குமதிக்கு அனுமதி கொடுக்க வேண்டி வந்ததை எல்லாரும் கண்டோம், அந்த நேரம் மூடை வைத்திருந்தவர் கையில்தான் துருப்பு. ஆனால் வைத்திருக்க 14 வீதம் போதாது. சில கிழமைக்கு 14 சரி, எட்டு மாதத்துக்கு 13க்குக் கீழே போக வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணமும் அந்தும் பங்கு கேட்கும். மழை வருடத்து நெல்லை அந்த அளவுக்குக் கொண்டுவருவது இரட்டை வேலை. அடுத்தது வட்டி. எட்டுத் தொன்னை ஆறு மாதம் வைத்திருந்து கிலோவுக்கு 10 ரூபா கூடக் கிடைத்தால் 80,000. ஐந்து இலட்சத்துக்கு நகை அடகில் கிடக்கிறது, மாதம் 1.5 வீத வட்டி என்று வைத்தால் ஆறு மாதத்தில் 45,000 அதற்கே போய்விடும். எலி தின்றது, நிறை குறைந்தது, சாக்குக் காசு எல்லாம் மிச்சத்தில். அதோடு விலை ஏறாமல் இறக்குமதி அரிசி வந்து இறங்கும் வருடமும் உண்டு, கோதுமை மா மலிவானால் பாணுக்கும் ரொட்டிக்கும் மாறுகிற வீடுகளும் உண்டு. கடன் இல்லாதவர் பாதியை வைக்கலாம். கடன்காரர் ஈர வருடத்தில் இதை நினைக்காமல் இருப்பது நல்லது.

கடன் என்று சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. உரத்தையும் எண்ணெய்க் காசையும் முன்கூட்டித் தந்த முதலாளிக்கே நெல்லைக் கொடுக்க வேண்டும் என்று வாக்குக் கொடுத்தவருக்கு மேலே சொன்ன ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அவருடைய வழி முதலே தீர்மானமாகிவிட்டது. அப்படியானவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று, கடனுக்குரிய மூடைகளைத் தவிர மிச்சத்தை வெளியில் விற்கலாமா என்பது. அதை விதைக்கும் நேரத்தில் பேச வேண்டும், மழைக்குள் வரம்பில் நின்று பேசினால் நடக்காது.

என்னிடம் கேட்டால், ஒரே வழியில் முழு நெல்லையும் போடாமல் பிரிப்பேன். உங்களிடம் இருக்கிற படங்கும் ஆளும் எத்தனை தொன்னைக் காயவைக்கும் என்று முதலில் பாருங்கள். அந்த அளவை மட்டும் காயவைக்க வெட்டுங்கள், அதற்கு மேலே வெட்டுகிறதை நேரே லொறியில் ஏற்றிவிடுங்கள், விலை 100 என்றாலும் 95 என்றாலும். நிமிர்ந்து நிற்கிற மிச்சத்தை வெயிலுக்கு விடுங்கள். லொறிக்காரருக்குக் கொடுப்பது தோல்வி என்று நினைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. படங்கு இல்லாதவருக்கு அவர்தான் உலர்த்தி, அதற்குக் கூலி எடுக்கிறார், கூலி கூடவா குறையவா என்று பார்க்கிறதுதான் எங்களுடைய வேலை.

வெட்டும்போது சாய்ந்த துண்டைத் தனியாக வெட்டுங்கள், தனிச் சாக்கில் கட்டுங்கள். மெசின்காரர் அவசரத்தில் "எல்லாம் ஒண்டாப் போகட்டும்" என்பார், விடக்கூடாது. அரை ஏக்கர் சாய்ந்த நெல்லில் முளைத்த மணிகள், நாலரை ஏக்கர் நல்ல நெல்லோடு கலந்தால் குழாயைக் குத்துகிற இடமெல்லாம் நாலு முளை வரும், முழு லொறிக்கும் அந்த விலைதான். தனியாகக் கட்டினால் அந்தப் பத்து மூடையைக் கோழித் தீவனத்துக்கோ மாட்டுக்கோ கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்கு முழு விலை பேசலாம். விதைக்கு எடுக்கிற நெல்லையும் இந்தக் குவியல்களிலிருந்து எடுக்க வேண்டாம். சூடேறின நெல்லின் முளை செத்திருக்கும், பார்க்க நன்றாக இருக்கும், வயலில் போட்டால் வராது. விதைக்கு வேண்டியதை மழைக்கு முதல் வெட்டின துண்டிலிருந்து எடுத்து, 13 வீதத்துக்குக் காயவைத்து, பலகையின்மேல் சுவரில் முட்டாமல் அடுக்கி, எந்த இனம், எந்தத் திகதி என்று சாக்கிலேயே எழுதிவிடுங்கள்.